அடைப்புக்குறிக்குள் ஓர் அழுகை

குழந்தை வண்டியை முன்னும் பின்னுமாக உருட்டிக்கொண்டே, ஹில்லா கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தாள். சக்கரத்தின் கீழே பனி நறநறத்தது. வண்டிக்குள், ஆட்டுத்தோல் பையிலிருந்து பத்து மாத ஐமோவின் மூக்கும் கன்னங்களும் மட்டும் வெளியே தெரிந்தன. தம்பெரே நகரத்தில் எல்லாக் குழந்தைகளையும் போல அவனும் பகலில் முற்றத்தில்தான் தூங்குவான். குளிர்காற்றில் படுத்தால் இரண்டு மணி நேரம் அசையமாட்டான். வீட்டுக் கட்டிலில் போட்டால் அரை மணியில் எழுந்து கம்பியைப் பிடித்து ஆட்டுவான். அந்த இரண்டு மணி நேரம்தான் ஹில்லாவுக்கு ஆபீஸ். காப்பகத்தில் அவனுக்கு இடம் ஆகஸ்டில்தான்.

"கூட்டம் கொஞ்சம் தள்ளிப் போகுதுடி," என்றாள் மறுமுனையில் யானிகா. வேலை பிரித்துக் கொடுக்கும் நிறுவனத்தில் இருப்பவள் அவள்.

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"முக்கால் மணி இருக்கும். பேச வர்றவர் ரயிலை விட்டுட்டாராம்."

"யானிகா, இவன் இப்பதான் கண்ணை மூடறான். முக்கால் மணி சும்மா போச்சுன்னா கூட்டத்துக்கு நடுவுல முழிச்சுக்குவான்."

"எழுப்பி விட்டுட்டு அப்புறமாத் தூங்க வையேன்."

"குழந்தைடி இது. சாவி குடுக்கற பொம்மையில்ல."

யானிகா சிரித்தாள். ஹில்லா சிரிக்கவில்லை.

"சரி, ஜோடி யாரு? நம்பரைக் குடு, பேசிக்கறேன். இவன் அழுதா ஒரு அஞ்சு நிமிஷம் அவங்க எழுதட்டும்."

"ஜோடி இல்ல."

"என்னது?"

"சின்னக் கூட்டத்துக்கெல்லாம் இனிமே ஒருத்தர்தான். புது வருஷத்துலேருந்து புது விதி. நான் போட்டதில்ல."

பேசுவதை அந்தக் கணமே எழுத்தாக்கித் தரும் வேலை ஹில்லாவுக்கு. காது கேளாத ஒருவர் திரையைப் பார்த்துக் கூட்டத்தைப் படித்துக்கொள்வார். கால் மணிக்கு ஒருமுறை கைமாற்றிக்கொள்ள எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். அதற்குமேல் தனியாகத் தட்டினால் மணிக்கட்டு எரியும். இது யானிகாவுக்கும் தெரியும். இருவரும் ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இதைப் படித்தவர்கள்.

"முடியாதுன்னா இப்பவே சொல்லிடு ஹில்லா. பையனுக்குக் காது வலின்னு போன வாரம் ஒண்ணை விட்டே. இதையும் விட்டா பட்டியல்ல கீழ போயிடுவே. அப்புறம் நான் இழுத்தாலும் மேல வராது."

"எடுத்துக்கறேன்," என்றாள் ஹில்லா. "கை என்னோடது, விதி உங்களோடது. நல்லாயிருக்கு."

மாடிக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வலது காதில் கூட்டத்தின் ஒலி. இடது காதில் வண்டிக்குள் வைத்த சின்ன ஒலிவாங்கி. அதில் ஐமோவின் மூச்சு சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. கணினியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கூடம் தெரிந்தது. மேடைக்குப் பின்னால் பெரிய திரை. அவள் தட்டுவது அதில் எல்லோருக்கும் தெரியும். முதல் வரிசையில் ரைலி உட்கார்ந்திருந்தாள். இந்த எழுத்தெல்லாம் அந்த ஒருத்திக்காகத்தான். காய்ச்சலில் காது போன பிறகும் அதே கம்பெனியில் கணக்கெழுதுகிறவள். பலமுறை அவளுக்கு எழுதியிருக்கிறாள் ஹில்லா.

'வணக்கம் ஹில்லா,' என்று கணினியின் ஓரத்துப் பெட்டியில் ரைலியின் செய்தி வந்தது. 'எதற்கு உட்கார வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. காபி மட்டும் நன்றாக இருக்கிறது.'

முக்கால் மணி நேரம் ஹில்லா வெறும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. எழுந்துபோனால், தொடங்கும்போது ஆளில்லை என்று புகார் வரும்.

ஒருவழியாக ரிக்கார்ட் என்பவர் மேடை ஏறினார். மெல்லிய கம்பளிச் சட்டை, இதமான குரல். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெற்றோர் நேரத்தை எப்படி ஆள்வது என்பது அவருடைய பேச்சு.

"நேரமில்லைன்னு யாராவது சொன்னா நான் நம்பமாட்டேன்," என்றார். "நேரம் எல்லாருக்கும் ஒரே அளவுதான். பிடிக்கத் தெரியணும், அவ்வளவுதான்."

ஹில்லா தட்டினாள். இந்த வேலையில் யோசிக்கக் கூடாது. காதில் விழுந்தது விரலில் வரவேண்டும். கதவு சாத்தினால் (கதவு சாத்தும் ஓசை), யாராவது இருமினால் (இருமல்). காது கேட்பவருக்குக் கிடைப்பதெல்லாம் கேளாதவருக்கும் கிடைக்க வேண்டும். இரண்டு வருடம் அதைத்தான் விரலில் ஏற்றிக்கொண்டாள்.

தோளில் வலி ஏறத் தொடங்கியபோது, கீழே முற்றத்தில் ஓர் இயந்திரம் உறுமியது. பனி தள்ளும் வண்டி. விடியற்காலையில் வந்துபோக வேண்டியது. இடது காதில் மூச்சு தடுமாறியது. ஒரு சிணுங்கல். பிறகு தொண்டை கிழிய ஓர் அழுகை.

அவள் விரல்கள் தட்டிவிட்டன: (குழந்தை அழுகிறது)

ரிக்கார்ட் பாதியில் நிறுத்தித் திரும்பித் திரையைப் பார்த்தார். "யாருங்க குழந்தையைக் கூட்டிட்டு வந்தது?"

கூடத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் நாற்காலிக்கடியில் குனிந்துகூடப் பார்த்தார்.

"எழுதறவங்க வீட்டுக் குழந்தை போலிருக்கு!" என்றது ஒரு குரல்.

(சிரிப்பு) என்று தட்டினாள் ஹில்லா. காது மடல் சுட்டது.

"பாருங்க, இதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிட்டிருந்தேன்," என்றார் ரிக்கார்ட். "காசு குடுத்தாலும் இப்படி ஒரு உதாரணம் கிடைக்காது. இந்தம்மா பாவம், திட்டம் போடலை. குழந்தை தூங்கற நேரத்தையும் வேலை நேரத்தையும் பொருத்தத் தெரியலை."

ஒரு சொல் விடாமல் தட்டினாள். 'பாவம்' என்ற சொல்லில் விரல் அழுந்திய அழுத்தத்தில் மேசையே ஆடியது. தன்னைப் பற்றிய ஏளனத்தைத் தானே எழுதி, ஒரு கூடம் முழுவதற்கும் காட்டிக்கொண்டிருந்தாள். ரயிலை விட்டவர் நீர்தானே ஐயா என்று தட்ட எவ்வளவு நேரமாகும்? தட்டவில்லை. (மீண்டும் சிரிப்பு) என்றுதான் தட்டினாள்.

ஜன்னலுக்குக் கீழே குழந்தை வண்டி குலுங்கியது. போர்வை பனியில் கிடந்தது.

ஓரத்துப் பெட்டி மின்னியது. 'போங்கள். எனக்காகத்தானே எழுதுகிறீர்கள்? நான்தான் சொல்கிறேன். போய்க் குழந்தையைப் பாருங்கள்.'

(எழுதுபவர் சிறிது நேரம் இல்லை) என்று தட்டிவிட்டு, கம்பளிக் காலுறையோடு படியிறங்கி ஓடினாள்.

பனி தள்ளும் வண்டியை நிறுத்திவிட்டு, அதை ஓட்டும் ஹெய்மோ குழந்தை வண்டியை ஆட்டிக்கொண்டிருந்தான். ஐமோவின் ஒரு கையுறை கழன்று போயிருந்தது. அந்தச் சிவந்த கைமேல் தன் பெரிய தோல் கையுறையைக் கவிழ்த்து வைத்திருந்தான்.

"நான்தாம்மா எழுப்பிட்டேன். மன்னிச்சுக்க."

"இந்த நேரத்துல யாருய்யா பனி தள்ளுவா? பிள்ளைங்க தூங்கற நேரம்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும். எனக்கும் ரெண்டு இருக்கு. துணைக்கு இருந்தவனை அனுப்பிட்டாங்க. அவன் முற்றங்களும் இப்ப என் தலையிலதான். விடியக்காலம் ஆரம்பிச்சு இங்க வர இந்த நேரமாயிடுது."

திட்டுவதற்கு அவன் ஆளில்லை. ஹில்லா குழந்தையை வாரிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

மீதிக் கூட்டத்தை மடியில் குழந்தையோடு எழுதி முடித்தாள். கைதட்டல் ஓய்ந்து கணினியை மூடுவதற்குள் யானிகா அழைத்துவிட்டாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்கே? நடுவுல நாலு நிமிஷத்தைக் காணோமாம். பேச்சோட உயிரே அதுலதான் இருந்துச்சுன்னு கம்பெனிக்காரங்க எழுதியிருக்காங்க."

"போகச் சொன்னது ரைலி."

"ரைலி வாடிக்கையாளர் இல்ல. பணம் கட்டற கம்பெனிதான் வாடிக்கையாளர்."

"அப்ப நான் இவ்வளவு நேரம் யாருக்கு எழுதினேன்?"

"என்கிட்ட கோவப்படாத."

"வேற யார்கிட்டடி கோவப்படறது? உனக்கு மேல இருக்கறவங்க போன் எடுக்கறாங்களா? ஜோடியை எடுத்தது யாரு? முக்கால் மணி என்னைச் சும்மா உக்கார வச்சது யாரு? அந்தாளு ரயிலை விட்டா காபி குடுத்துக் காத்துக்கிட்டிருப்பீங்க. எம்புள்ள அழுதா நான் திட்டம் போடத் தெரியாதவ!"

"எனக்குப் புரியுது ஹில்லா."

"புரியறவங்கதான் எல்லாத்துலயும் கையெழுத்துப் போடறீங்க."

ஹில்லா மடியில் நெளிந்த குழந்தையைத் தோளுக்கு மாற்றினாள்.

"கோடை வரைக்கும் உன்னைக் கூப்பிட வேண்டாம்னு மேல சொல்லிட்டாங்க," என்றாள் யானிகா. குரல் இறங்கியிருந்தது. "இன்னொண்ணு. விட்டுப்போன பகுதியை ஒளிப்பதிவைப் பாத்து எழுதி, சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடணும்."

"அதுக்குக் கூலி?"

"திருத்தத்துக்குத் தனியா கிடையாதுடி."

ஹில்லா அழைப்பை வெட்டினாள். அனுப்பக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் அந்த நாலு நிமிஷம் ரைலிக்குக் கிடைக்காதது. கறுத்த ரொட்டியின் ஓரத்தை ஐமோவின் கையில் கொடுத்து, அவனை மடியில் இருத்திக்கொண்டு, ஒளிப்பதிவைத் திறந்து தான் எழுந்துபோன இடத்துக்குத் தள்ளினாள்.

"இப்ப எல்லாரும் கண்ணை மூடிக்குங்க," என்றார் ரிக்கார்ட். "மூச்சை மட்டும் கவனிங்க. நான் சொல்றவரைக்கும் யாரும் பேசக் கூடாது."

அதைத் தட்டினாள். அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தாள். சொல் எதுவும் வரவில்லை. ஒளிப்பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. ரிக்கார்டும் கண்ணை மூடி நின்றார். கூடம் முழுக்க மடியில் கைகோத்து, கண்மூடி, நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

முதல் வரிசையில் ரைலி மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். எல்லோரும் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளுக்குச் சொல்ல யாருமில்லை. பிறகு கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து, கழுத்தை நிமிர்த்தி, திரையில் மாறாமல் நின்ற (எழுதுபவர் சிறிது நேரம் இல்லை) என்ற அந்த ஒற்றை வரியைப் பார்த்தபடியே இருந்தாள்.