திரைக்குப் பின்னால் செபாஸ்டியன்

‘லூனா ஃபோர்’ என்ற ஐரோப்பிய டிஸ்கோ குழு ரங்கூனுக்கு வந்ததே இல்லை. அவர்களுடைய கேசட்தான் வந்தது, ஒரு கப்பல்காரரின் பையில், அலோன் துறைமுகத்துக்கு. ஆறே மாதத்தில் அந்த மெட்டுகளுக்குப் பர்மிய வரிகள் வந்துவிட்டன. தேநீர்க்கடை, கல்யாண வீடு, தன்லியின் ஊருக்குப் போகும் பஸ் எல்லாவற்றிலும் அதே பாட்டு. பிறகு குழு உடைந்தது, நால்வரில் மூவர் போய்ச் சேர்ந்தார்கள். பாட்டுக்கு மட்டும் சாவு வரவில்லை.

எங்கள் தேவாலயப் பங்கில் லூனா ஃபோர் என்றால் ஜெரால்ட். பெயருக்கு முன்னால் ‘ஊ’ போட்டு மரியாதையாகக் கூப்பிடாவிட்டால் திரும்பமாட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு மதியம், பங்கு மண்டபத்தில், தொப்பையை இறுக்கிய வெள்ளிச் சட்டையோடு நாற்பது வருடமாக ஆடிவந்தார். வாயசைப்பும் அவருடையதே. குரல் மட்டும் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்த செபாஸ்டியனுடையது. அதை இந்த வருட ஆட்டம்வரை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

இந்த அக்டோபரில் செபாஸ்டியன் இறந்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு ஜெரால்ட் அவர் மனைவி பெர்சிஸிடம் போனார்.

“அக்கா, ஒத்திகையில பதிஞ்ச கேசட் இருக்குமே?”

“இருக்கு. பாடுனது அவருதான்னு மேடையில சொல்லணும். சொல்வியா?”

“என்னக்கா இப்படிக் கேக்குறீங்க, சிலையே வைக்கலாம்.”

“சிலை வேணாம்ப்பா. பேரு போதும்.”

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு மேடையேறிய ஜெரால்ட் கால் மணி நேரம் பேசினார், ஐரோப்பிய இசைக்குத் தாம் ஆற்றிய தொண்டு பற்றி. செபாஸ்டியன் பெயர் வரவில்லை. முன்வரிசையில் பெர்சிஸ் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார். கேசட் ஓடியது.

இரண்டாம் சரணத்தில் கரண்ட் போனது. ரங்கூனில் இதற்கெல்லாம் யாரும் திடுக்கிடுவதில்லை. விசிறி நின்றது, கிடார் நின்றது, மேளம் நின்றது. குரல் நிற்கவில்லை.

“பேட்டரி போட்டிருக்காங்க போல,” என்றாள் என் பக்கத்திலிருந்த அமலி.

பெர்சிஸ் எழுந்து திரைக்குப் பின்னால் போனார். கேசட் சுற்றவில்லை. காலி நாற்காலியிலிருந்து, ஓர் ஆள் உட்கார்ந்தால் வாய் இருக்கும் உயரத்திலிருந்து, பாட்டு வந்துகொண்டிருந்தது.

மேடையில் ஜெரால்ட் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். வாயை நிறுத்த முடியவில்லை. இரண்டு கையாலும் பொத்தினார். விரல்களுக்கு அடியில் உதடுகள் குரலோடு அசைந்தபடியே இருந்தன.

பாட்டு முடிந்தது. ஒரு சின்ன இருமல். பிறகு குரல் பேசியது. ஜெரால்டின் கைகள் தாமாகவே கீழே இறங்கின. உதடுகள் பிசகாமல் அசைந்தன.

“இத்தனை வருஷமும் பாடுனது செபாஸ்டியன்.”

மண்டபமே எழுந்து கைதட்டியது. ஊ ஜெரால்டுக்கு என்ன பெருந்தன்மை!

பெர்சிஸ் நாற்காலியின் கையைத் தொட்டார். “சொல்லியாச்சு. போதுங்க, வாங்க.”

அடுத்த பாட்டு தொடங்கியது. மேடையில் அந்த வாய் மறுபடி திறந்தது.