வெள்ளிக்கிழமை விலை

புதன்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, ஒன்பது வருடங்களாக வாரம் தவறாமல் விலை சொல்லிவந்த ஆலை விற்பனையாளர், முதல்முறையாக விலை சொல்ல மாட்டேன் என்றார்.

"ஏன் சார்?"

"விக்கிறதுக்குச் சரக்கே இல்லம்மா. இல்லாத சரக்குக்கு நான் என்ன விலை சொல்றது?"

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் போனைக் காதோடு இன்னும் நெருக்கிப் பிடித்தாள். அந்த ஆலையின் உலை ஒன்றில் விரிசல் என்று போன மாதம் கேள்விப்பட்டிருந்தாள். பத்து நாளில் சரியாகிவிடும் என்று இதே மனிதர்தான் சொல்லியிருந்தார். இப்போது மூன்று மாதம் என்றார். அதுவும் குறைந்தது மூன்று மாதம். அவர் குரலில் வழக்கமான வியாபாரச் சிரிப்பு இல்லை. பின்னால் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எழுதிக்கலாமா?"

"எழுதிக்கோங்க. வெள்ளிக்கிழமை நீங்க போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுடப் போகுது. அதுவரைக்கும் டீலருங்களுக்குக்கூட நாங்க சொல்லல."

அவள் வேலை பார்த்த நிறுவனம் எதையும் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. தொழிற்சாலைகளுக்குத் தேவையான சரக்குகளின் விலையை விசாரித்து வாரத்துக்கு ஒருமுறை வெளியிடுவதுதான் அதன் வேலை. ஒரே நீளக்கூடம், பதினாறு மேசைகள். மேசைக்கொரு சரக்கு. மனிதர்களையும் சரக்கின் பெயரைச் சொல்லியே கூப்பிடுவார்கள். கந்தகம் இன்றைக்கு லீவு, சோடாவுக்கு இரட்டைக் குழந்தை, பிளாஸ்டிக்குக்குச் சர்க்கரை வியாதி என்று பேச்சு போகும். அவள் பிசின். "பிசினை டீ குடிக்கக் கூப்பிடாதீங்க, ஒட்டிக்கிட்டே வந்துடும்" என்பது அங்கே சேரும் ஒவ்வொரு புது ஆளும் தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்ளும் நகைச்சுவை. அவளும் ஒவ்வொரு முறையும் சிரித்துவைப்பாள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது பெட்ரோலியப் பிசின். எண்ணெயை உடைத்து வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதிலிருந்து செய்வது. வெளிர்மஞ்சள் மணிகளாக இருபத்தைந்து கிலோ மூட்டையில் வரும். கையில் எடுத்து முகர்ந்தால் மண்ணெண்ணெயின் தூரத்து உறவு போல ஒரு வாடை. இப்படி ஒன்று இருப்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, ஆனால் அதைத் தொடாமல் அவர்களுக்கு ஒரு நாளும் போகாது. பெட்டி ஒட்டும் டேப்பில் அதுதான், குழந்தையின் டயப்பரை இழுத்து ஒட்டும் பட்டையில் அதுதான், புத்தகத்தின் முதுகில் தாள்களைப் பிடித்துவைத்திருப்பது அதுதான், டயரில் ரப்பரோடு ரப்பரைச் சேர்ப்பதும் அதுதான். சாலையில் போடும் வெள்ளைக்கோட்டில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அது. மீதி சுண்ணாம்புத்தூளும் வெள்ளை நிறமியும் இரவில் மின்னுவதற்கான கண்ணாடி மணலும். தூளையெல்லாம் சேர்த்துப் பிடித்து, சாலையோடு ஒட்டவைப்பது பிசின்.

வாரத்துக்கு இருபத்திரண்டு பேருக்குப் போன் செய்வாள். விற்கிறவர் ஏற்றிச் சொல்வார், வாங்குகிறவர் இறக்கிச் சொல்வார். யார் எவ்வளவு கூட்டுவார், எவ்வளவு குறைப்பார் என்பது அவளுக்குக் குரலிலேயே பிடிபடும். அதையெல்லாம் கழித்துவிட்டு, உண்மையில் கைமாறிய விலை எது என்று ஒரு எண்ணுக்கு வந்துசேர்வாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அந்த எண் வெளியாகும். அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிவரை டீலர்கள் அந்த எண்ணுக்குத்தான் விற்பார்கள்.

அன்று மதியத்துக்குள் இன்னும் நான்கு பேரிடம் பேசிவிட்டாள். இரண்டு பேர் மழுப்பினார்கள். ஒருவர், அவரவர் கையிருப்பை இப்போதே பூட்டி வைத்துக்கொள்கிறார்கள் என்றார். நான்காமவர் வேறொரு ஆலையில் நேரடியாக, டன்னுக்கு ஆயிரத்து நானூறு டாலர் கொடுத்து முந்தின நாள்தான் வாங்கியதாகச் சொல்லி ரசீதையும் அனுப்பிவைத்தார். போன வெள்ளிக்கிழமை அவள் போட்ட விலை ஆயிரத்து நூற்று இருபது. அதற்கு முந்தைய ஆறு வாரமும் விலை இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள். வெளியாகும்வரை விலையைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது. உறவினர் யாராவது அந்தத் தொழிலில் இருந்தால் எழுதிக்கொடுக்க வேண்டும். அக்காவின் கணவர் சாலைக்கோடு போடும் ஒப்பந்தக்காரர் என்று அவள் எழுதிக்கொடுத்தாள். விலை வெளியீட்டின் முதன்மை ஆசிரியர் படித்துப் பார்த்துவிட்டு, "வீட்டுல வாயை மூடிக்கிட்டா போதும்" என்றார். ஒன்பது வருடம் அது ஒரு கஷ்டமாகவே இருந்ததில்லை. வாரத்துக்குப் பத்து, இருபது ஏறும், இறங்கும். அதைச் சொல்லி யாரும் வாழப்போவதும் இல்லை, சொல்லாமல் கெடப்போவதும் இல்லை.

மாடியில் அவள் தனியாக இருந்தாள். கீழே அக்காவும் மாமாவும். அம்மா விட்டுப்போன வீடு. குறுக்கே ஒரு கோடு கிழிக்காமல் மேலும் கீழுமாகப் பிரித்துக்கொண்டார்கள். மாடிக்குப் போக வேண்டுமென்றால் அக்காவின் சமையலறையைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் தாண்டியபோது மாமா மேசையில் உட்கார்ந்து ஒரு வரைபடத்தை விரித்துவைத்திருந்தார். நகரைச் சுற்றிப்போகும் புதுச்சாலை. நாற்பது கிலோமீட்டர். நடுக்கோடு, ஓரக்கோடு, பாதசாரிகள் கடக்கும் பட்டைகள் எல்லாம் சேர்த்து ஒரே ஒப்பந்தம். அவருடைய இருபது வருடத் தொழிலில் இவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று முடிவான விலை, இனி ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது.

"வாம்மா, உட்காரு" என்றார். "பதினெட்டு டன் பிசின் வேணும். டீலர் இப்பவே எடுத்துக்கோங்கன்னு ஒரே நச்சரிப்பு. ஆறு வாரமா இறங்கிட்டிருக்கறதை இன்னும் ரெண்டு வாரம் பொறுத்து எடுத்தா என்னன்னு பார்க்கறேன்."

அவர் அவளிடம் கேட்கவில்லை. எப்போதுமே கேட்டதில்லை. தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கேட்டது அக்காதான். துணி மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஏன்டி, இன்னும் இறங்குமா?"

இந்தக் கேள்வியை அக்கா இதற்கு முன்னும் கேட்டிருக்கிறாள். ஏதோ மழை வருமா என்று கேட்பதைப் போல. அவளும் "எனக்கென்னக்கா தெரியும்" என்று சொல்லிவிட்டு மாடியேறிவிடுவாள். இன்றைக்கு ஒரு நொடி தயங்கினாலே போதும், தயக்கமே பதிலாகிவிடும். தொண்டையைச் செருமினாலும் போதும். மாமா முகம் பார்த்தே ஆளைப் படிப்பவர். நாளைக் காலை டீலர் கடை திறக்கும்போது வாசலில் நிற்பார். அப்படி நின்றால் தவறென்ன என்று அவளுக்குள் ஒன்று கேட்டது. பதினெட்டு டன். அந்த ஆலை அதனால் கவிழ்ந்துவிடாது. அதே சமயம், நாளையும் நாளை மறுநாளும் பழைய விலைக்கு விற்று நட்டப்படப்போகிற அந்த டீலரையும் அவள் வாரம் தவறாமல் போனில் கூப்பிடுவாள். அவர் குரலளவில் தெரிந்தவர்தான். அவருக்கும் வீடு இருக்கும், மேசை இருக்கும்.

"எனக்கென்னக்கா தெரியும்" என்றாள். வழக்கமான அதே இழுப்போடு.

அக்கா ஒரு சட்டையை உதறினாள். மாமா வரைபடத்தைச் சுருட்டினார். மாடிப்படியில் ஏறும்போது, குரல் அவ்வளவு இயல்பாக வந்ததுதான் அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

வியாழன் முழுக்க வேலை. வெள்ளிக்கிழமை நாலரைக்கு முதன்மை ஆசிரியர் அவள் எண்ணைப் பார்த்தார். ஆயிரத்து நானூற்று இருபது. ஆதாரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க மாமா வாங்கிட்டாரா?"

"இல்ல சார்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி, போட்டுடு" என்று மட்டும் சொன்னார். ஐந்து மணிக்குப் போட்டாள். ஐந்து மணி ஆறு நிமிடத்துக்கு முதல் போன் வந்தது. டயர் தொழிற்சாலைக்காரர் கத்தினார். டேப் கம்பெனிக்காரர் அழாத குறையாகப் பேசினார். அவள் எல்லோருக்கும் ஒரே பதிலை ஒரே தொனியில் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மாடிக்கு வந்தாள். மூட்டுவலி வந்தபிறகு அவள் மாடியேறுவதே இல்லை. வாசலில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, உள்ளே வராமலே கேட்டாள்.

"புதன்கிழமையே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் கேட்டேனே, அப்ப?"

"அப்பவும் தெரியும்க்கா."

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அக்கா அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள், கட்டிலை, சன்னலை, பழைய அலமாரியை. புதிதாக வாடகைக்கு வந்தவரின் அறையைப் பார்ப்பதைப் போல.

"முகத்துல ஒரு சின்ன மாத்தம்கூட இல்லையேடி" என்றாள். "உன்னோட ஒரே பாயில படுத்து வளர்ந்தவ நான். எனக்கே தெரியலையே."

கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். அதன்பிறகு அவளோடு பேசவில்லை. அவள் சமையலறையைத் தாண்டும்போது அக்கா குழாயைத் திறந்துவிடுவாள், அல்லது பாத்திரத்தை எடுத்து வைப்பாள். ஏதாவது ஒரு சத்தம் இருக்கும்படி பார்த்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து மாமாதான் பேசினார். தெருமுனையிலிருந்த அவருடைய கொட்டகையைத் தாண்டி அவள் போனபோது கூப்பிட்டார். உருக்கும் கொப்பரை ஆறிக்கிடந்தது. இரண்டு கோடுபோடும் வண்டிகளில் ஒன்றைக் காணோம். வித்துட்டேன் என்றார், அவள் கேட்காமலே. நான்கு ஆட்களில் இரண்டு பேரை அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். ஒரு மூட்டை பிரிந்து கிடந்தது. அதிலிருந்து கொஞ்சம் மணிகளை அள்ளி அவள் கையில் போட்டார்.

"பிசினைப் பாதியாக் குறைச்சுட்டு சுண்ணாம்பைக் கூட்டிப் போடச் சொல்றா உங்கக்கா. ஊருல எல்லாரும் அதைத்தான் செய்யறாங்க. போட்ட அன்னிக்குப் பார்த்தா யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு வெயில் காலம் தாங்காது, பொருக்குப் பொருக்கா உதிரும்."

"செய்யப் போறீங்களா?"

"ஒவ்வொரு மூட்டையா வாங்கிட்டிருக்கேன். உன் புது விலைக்கு." சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "நீ சொல்லியிருக்கணும்னு சொல்ல மாட்டேன். சொல்லியிருந்தா வாங்கியிருப்பேன், அப்புறம் வாராவாரம் புதன்கிழமை உன் மூஞ்சியவே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன். அது தெரியுது எனக்கு." கையைத் தட்டி ஒட்டியிருந்த தூளை உதறினார். "ஆனா கோபம் இல்லைன்னும் சொல்ல மாட்டேன்மா. கோபம் இருக்கு."

அவள் தலையாட்டினாள். கையிலிருந்த மணிகளை எங்கே போடுவது என்று தெரியாமல் மறுபடி மூட்டையிலேயே போட்டாள்.

வாரங்கள் போயின. விலை ஆயிரத்து நானூற்று அறுபதுவரை போய் அங்கேயே நின்றது. வெள்ளிக்கிழமைகளில் போட்டாள், திங்கட்கிழமைகளில் மறுபடி போன் செய்ய ஆரம்பித்தாள். அந்த ஆலை விற்பனையாளர் ஒருநாள், பேச்சோடு பேச்சாக, "நீங்கதாம்மா நம்பிக்கையான ஆளு" என்றார். அவள் அடுத்த மாத உற்பத்தி எவ்வளவு என்று கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை, அவள் போய்க்கொண்டிருந்த பேருந்தைப் புதுச்சாலைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். சாலையில் வேலை நடக்கிறது, இறங்கி நடந்து போய் அந்தப் பக்கம் வேறு வண்டி பிடித்துக்கொள்ளுங்கள் என்றார் நடத்துநர். இறங்கி நடந்தாள். சிவப்புக் கூம்புகள் வரிசையாக நின்றன. தார் புதிதாக, கருகருவென்று இருந்தது. உருகிய பிசினின் வாடை காற்றில் வந்தது. இத்தனை வருடத்தில் இந்த வாடையை இவ்வளவு சூடாக அவள் முகர்ந்ததில்லை.

மாமா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். குனிந்து, தரையில் மட்டும் கண் வைத்து, ஒரே சீரான நடை. அவர் காலடியிலிருந்து வெள்ளைக்கோடு பிறந்து நீண்டுகொண்டே வந்தது. அவருக்கு நாலடி பின்னால், ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டி, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு ஒருத்தி கண்ணாடி மணலைத் தூவிக்கொண்டு வந்தாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்து நடந்தாள். அந்த நடையைப் பார்த்துத்தான் அது அக்கா என்று தெரிந்தது.

வண்டி அவளைத் தாண்டிப் போனது. மாமா நிமிரவில்லை, நிமிர்ந்தால் கோடு நெளிந்துவிடும். அவள் ஒரு அடி எடுத்துவைத்தாள். உடனே அக்காவின் கை உயர்ந்தது, உள்ளங்கை விரிந்து.

"மிதிக்காத" என்றாள் துணிக்குள்ளிருந்து. "சூடு."

அவள் நின்றாள். இருவருக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கோடு ஈரமாகப் பளபளத்தது. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் எழுந்து உடைந்தன. மணல் தூவிய இடமெல்லாம் வெயில் பட்டுப் பொடிப்பொடியாக மின்னியது. பின்னால் பேருந்திலிருந்து இறங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரோ கேட்டார்கள். துணிக்கு மேலே தெரிந்த அக்காவின் கண்கள் கோட்டிலேயே இருந்தன.

பளபளப்பு மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. அக்கா குனிந்து, செருப்பின் நுனியால் கோட்டின் விளிம்பை லேசாக அழுத்திப் பார்த்தாள். தூக்கிய கையை அவள் இன்னும் இறக்கவில்லை.