மச்சான் வரும் வழி

"என் தம்பி மடியில உக்கார வைக்காம பொண்ணுக்குக் காது குத்தினீங்கன்னா, அப்புறம் உங்க காதுதான் கிழியும்" என்று கலைப்பிரியா சொல்லிவிட்டாள்.

அவள் தம்பி ராஜ்குமாருக்கோ சிங்கப்பூரில் லீவு கிடைக்கவில்லை. அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில், நமக்குக் காலை பத்து மணிக்கு, செல்போனில் முகம் காட்டுவான், அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தவளைக்கு வாயால்தான் கேடு. "உன் தம்பியை டிவியிலயே பெரிசா உக்கார வைக்கிறேன் பாரு" என்று சொல்லித் தொலைத்தேன்.

எங்களிடம் சீட்டுக்கட்டு அளவில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் இருந்தது. டிவியோடு சேர்த்து, மேலே ஒரு கேமராவையும் மாட்டினேன்.

"இத்தினியூண்டு பொட்டி எப்படிங்க அவனைக் கொண்டாரும்?"

"இந்த ஓட்டை இருக்குதில்ல, இதுல நெட்டு வயரைச் சொருவினா இது வழியாத்தான் வருவான்" என்று ஜம்பமாக விரலை வைத்துக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். காலையில் வயரைப் பிடுங்கிப் பெட்டியை நடுக்கூடத்தில் வைத்துவிட்டு, காது குத்த விக்கிரவாண்டியிலிருந்து வந்த கோதண்டபாணி பத்தரைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் போய் அழைத்து வந்தேன். வந்த வேகத்தில் வயரைச் சொருகி சுவிட்சைப் போட்டேன்.

நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கிறேன் என்றது திரை. முந்தின நாள் கண் மூடித் திறப்பதற்குள் கிளம்பிய பெட்டி, இன்று வயரோடு நெடுநேரம் மல்லுக்கட்டி, அலுத்துப்போய், கடைசியில் என் செல்போன் நெட்டைப் பிடித்தது. மச்சான் கட்டம் கட்டமாக வந்தான். மூக்கு இருக்க வேண்டிய கட்டத்தில் காது இருந்தது. அதுவும் உடனே போய்விட்டது.

அணைத்துப் போட்டேன். அதே கதை. நெட்டுக்குக் காத்திருக்காதே என்று செட்டிங்கை மாற்றினேன். அது காத்திருக்கவும் இல்லை, நெட்டும் வரவில்லை.

"ஜல்தி ஆவட்டும் சீனு. ராகு காலம் வந்துட்டா நான் ஊசியைத் தொடமாட்டேன்" என்றார் பத்தர்.

கலைப்பிரியாவின் கண் கலங்கிவிட்டது. "வளைகாப்புக்கும் அவன் வரல, குழந்தை பொறந்தப்பவும் வரல. இதுலயாவது இருக்கணுங்க."

ஆத்திரத்தில் வயரைப் பிடுங்கினேன். முனையெல்லாம் மஞ்சள். நடுவில் சிவப்பு. கமகமவென்று வாசனை வேறு.

"யாரு இதுல சந்தனத்தை அப்பினது?"

"நான்தான். தாய்மாமன் வர்ற வழின்னு நீங்கதானே காட்டினீங்க? வர்றவனுக்குச் சந்தனம் குங்குமம் வைக்க வேணாமா?"

பத்தர் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், சிரிப்புத்தான் வந்தது. சுவிட்சை அணைத்து, குழந்தையின் காது துடைக்கும் பட்ஸால் அந்தக் கம்ப்யூட்டரின் காதைக் குடைந்தேன். வயரைத் துடைத்துச் சொருகி மறுபடி போட்டேன்.

வந்துவிட்டான்! பளிச்சென்று வந்தான், மடியில் சோற்று டப்பாவோடு.

"டப்பாவை எடுடா! மடியைக் காட்டு!" என்று வீடே கத்தியது.

"இருங்க மாமா, ரசம்!" என்று டப்பாவைத் தள்ளிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். டிவியைத் தரையில் இறக்கி, பாப்பாவை அதன்மேல் சாய்த்து உட்கார வைத்தோம். பத்தர் குத்தினார். பாப்பா வீறிட்டாள். மச்சான் அதைவிட ஓங்கி அழுதான்.

கலைப்பிரியா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

"ஓட்டைப் பக்கம் போயிடாதே தாயி" என்றேன்.

அவள் திரையில் தம்பியின் நெற்றியைத் தேடினாள். அவனும் அங்கே தலையைக் குனிந்து கொடுத்தான். சந்தனம் இட்டு, நடுவில் குங்குமம் வைத்தாள்.

அந்தப் பொட்டைத் துடைக்க அவள் இன்னும் விடவில்லை. செய்தி வாசிப்பவர்கள் எங்கள் வீட்டில் மட்டும் சந்தனம் குங்குமத்தோடுதான் வாசிக்கிறார்கள். அது சரியாக நெற்றியில் வந்து நிற்கிறவர்களைப் பார்த்தால் மட்டும் அவள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள்.