இடுக்கில்லாத கதவு

அவள் செய்த கதவென்றால் சும்மாவா? மூடினால் ஒரு காகிதம்கூட நுழையாது. அந்தச் சின்ன மரவீட்டைத் தன் கையாலேயே கட்டியவள், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் குளியலறைக் கதவைத்தான் மூடித் திறந்து காட்டுவாள். தச்சு வேலை தெரிந்தவளுக்கு அந்தத் தலைக்கனம்கூட இல்லாவிட்டால் எப்படி!

ஆனால் அதே குளியலறையின் மேற்கூரைப் பலகையில் கறுகறுவென்று பூஞ்சை படர்ந்தது. மாமியாருக்கோ இளைப்பு. குளித்துவிட்டு வந்தாலே மூச்சு வாங்கியது. அவரை அழைத்துப்போக மூத்த மகன், அதாவது அவள் கணவனின் அண்ணன், காரோடு வந்துவிட்டார்.

"இந்த ஈரத்துல இனிமே இருக்க வேண்டாம். என்னோட வந்துடுங்கம்மா."

மாமியார் கட்டிலைவிட்டு அசையவில்லை. அவருக்குப் போக விருப்பமில்லை. மருமகளுக்கு அனுப்ப மனமில்லை. சண்டையும் சிரிப்புமாக ஒட்டிக்கொண்ட ஜோடி அது.

"கொஞ்ச நேரம் குடுங்க மாமா. கட்டினது நான். தப்பு எங்கன்னு கண்டுபிடிக்கிறதும் நான்தான்."

"போன வாரம் பெரிய ஃபேன் மாட்டினப்பவும் இதைத்தாம்மா சொன்ன."

சுருக்கென்றது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஆவியை வெளியே இழுத்துத் தள்ளவேண்டிய சுவர் ஃபேன் ஊரைக் கூட்டுவதுபோல் இரைந்தது. அதன் வலைமேல் ஒரு காகிதத் துண்டை வைத்தாள். ஒட்டாமல் கீழே விழுந்தது. "கத்துறதுக்குக் குறைச்சல் இல்ல!" என்று திட்டிவிட்டு, கழற்றிப் பார்க்க ஸ்க்ரூடிரைவர் எடுத்து வந்தாள். கதவைச் சாத்த மறந்து, இன்னொரு முறை காகிதத்தை வைத்தாள். பச்சென்று ஒட்டிக்கொண்டது.

அட! வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வரவேண்டாமா? பாவம், ஃபேன்மேல் பழி போட்டாளே. வழியை மறித்து நின்றது அவளுடைய அருமைக் கதவல்லவா!

கதவைக் கழற்றி வெளியே கிடத்தினாள். ரம்பத்தை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு யோசிக்கவே இல்லை. அடியில் ஒரு விரற்கடை அறுத்துத் தள்ளிவிட்டு மறுபடி மாட்டினாள்.

வெந்நீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். மூத்தவர் வெளியே போய்ப் பார்த்தார். சுவர்த் துளை வழியாக ஆவி குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

"சரிம்மா, ஜெயிச்சுட்ட. ஆனா பூஞ்சை இன்னும் இருக்கே."

"சுரண்டிப் பெயின்ட் அடிச்சுடுறேன் மாமா. அதுவரைக்கும் அத்தை உங்க வீட்ல இருக்கட்டும்."

மாமியார் எழுந்தார். கொடியிலிருந்து ஒரே ஒரு மாற்றுத்துணியை உருவிக்கொண்டார்.

"இவ்வளவுதானாம்மா?" என்றார் மகன்.

"இதை நாளைக்குக் கட்டிப்பேன். அதுக்கப்புறமும் பெயின்ட் காயலைன்னா," மருமகளைப் பார்த்தார், "வந்து நானே விசிறிக் காய வைக்கிறேன்டீ."