கட்டில் காலில் கடைந்த பேனா

அறுபத்திரண்டு பேனாக்களுக்குத் துண்டு போட்ட பிறகும் அந்தக் கட்டில் கால் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. மாலையில் அறுத்தால் விடியும்போது பழைய நீளத்துக்கு வந்து நின்றது. கடைசல்காரி முதலில் தன் அளவுகோலைத்தான் சந்தேகப்பட்டாள். புதிதாக ஒன்று வாங்கினாள். இரண்டாவது வாரம் சுவரில் பென்சில் கோடு போட்டு, அதன் பக்கத்தில் கட்டையை நிறுத்தி வைத்தாள். மூன்றாவது வாரம், மரக்கடைக்கு அலைகிற வேலை மிச்சம் என்று அளப்பதையே விட்டுவிட்டாள். மரம் வளர்ந்தது அவளுக்கு ஒரு தொல்லையாகவே படவில்லை. பேனா உடைந்ததுதான் தொல்லை.

அந்தக் கட்டையைக் கொண்டுவந்தவள் அவளுடைய தங்கை. தங்கையின் கணவரை அவர் தெருவில் எல்லோரும் நல்லவர் என்றே கூப்பிட்டார்கள். குடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நாற்காலி தூக்கிப் போடுவார். கல்யாணமான மறுவாரத்திலிருந்து ஆறு வருடம், வேலைக்குப் போகும்போது மனைவியை உள்ளே வைத்து வெளியில் பூட்டிக்கொண்டு போனார். காலம் கெட்டுக் கிடக்கிறது, மனுஷனுக்கு எவ்வளவு அக்கறை பார் என்று தெரு மெச்சியது. ஏழாவது வருடம் ஒரு புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு அவள் காய் நறுக்கும் கத்தியின் முனையால் கட்டிலின் திருகாணிகளைக் கழற்றி, ஒரு காலைப் பிடுங்கி, அதைக்கொண்டு கதவை இடித்தாள். பதினேழாவது இடியில் தாழ்ப்பாள் பூட்டோடு பெயர்ந்து வாசலில் விழுந்தது. கையிலிருந்த கட்டையைக் கீழே போடத் தோன்றவில்லை. அதையே ஊன்றிக்கொண்டு நாலு மைல் நடந்து அக்கா வீட்டுக்கு வந்தாள். பசிக்கிறது என்றாள். இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, கட்டையைப் பக்கத்தில் கிடத்தி மறுநாள் மத்தியானம் வரை தூங்கினாள்.

அக்கா தனி ஆள். பின்னறையில் லேத் வைத்து மேசைக் கால், உளிப்பிடி, பம்பரம் என்று கடைந்து பிழைப்பவள். வக்கீலம்மா விவாகரத்து மனுவை எழுதி எடுத்துக்கொண்டு வந்த அன்று, கையெழுத்துப் போட இந்தக் கட்டையிலேயே ஒரு பேனா கடைந்து தருகிறேன் என்று விளையாட்டாகத்தான் சொன்னாள். முதல் துண்டு துளை போடும்போதே இரண்டாகப் பிளந்தது. டயர்க்கடை வைத்திருக்கும் அவர்களுடைய அண்ணன் அப்போது அங்கேதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, மரத்துக்கே மனசு வரல. உயிரில்லாத கட்டைக்கு இருக்கற புத்திகூட உனக்கு இல்ல. கிளம்பு, நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன்."

தங்கை வக்கீலம்மா நீட்டியிருந்த பேனாவை மூடி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். போட்டால் இந்தக் கட்டையில் கடைந்த பேனாவால்தான் போடுவேன் என்றாள். வக்கீலம்மா நிறையப் பேரைப் பார்த்தவர். மனு எங்கேயும் ஓடிப்போகாது என்று சொல்லி அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். அப்படித்தான் விளையாட்டு வினையானது.

பேனா கடைவது பார்வைக்கு விரல் நீளத்து வேலை. சதுரமாக அறுத்த துண்டில் நீளவாக்கில் துளை போட்டு, துளைக்குள் பித்தளைக் குழாயைப் பசை தடவி இறுக்கி, லேத்தில் ஏற்றி, குழாயின் மேல் மரம் அட்டைக் கனத்துக்கு இளைக்கும்வரை உளியால் சீவ வேண்டும். இரண்டாவது பேனாவில் துளைக்கம்பி பாதி வழியில் திசை மாறிப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது. மூன்றாவது சூடேறி விரிந்தது. ஆறாவதில் பசை குழாய்க்குள் போய்க் கல்லானது. ஒன்பதாவதிலிருந்து பதினெட்டாவது வரை எல்லாமே, இன்னும் ஒரே ஒரு சீவல் என்று நினைத்த அந்தச் சீவலில், படாரென்று வெடித்துச் சிதறின. அதில் ஒரு சில்லு கடைசல்காரியின் புருவத்தைக் கிழித்து மூன்று தையல் வாங்கியது. இருபத்தேழாவதை உப்புத்தாளில் தேய்த்தபோது மரம் போய்ப் பித்தளை பல்லிளித்தது. நாற்பதாவது முழுசாக வந்தது. மெருகேற்றி, முனையைப் பொருத்தி, கடைசியாக ஒரு அழுத்து அழுத்தியதும் தலையிலிருந்து கால்வரை கீறல் விட்டது. அவள் பால் பொங்கும்வரை நிற்கப் பொறுக்காதவள். லேத்தை உதைத்ததில் கால் நகம் போயிற்று. அன்று அவள் பேசியதைக் கேட்டு எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

மாதம் ஒரு ஞாயிறு நல்லவர் வந்து வாசலில் நின்றார். கதவைச் சரிசெய்துவிட்டேன், பழையதைவிட நல்ல தாழ்ப்பாளாகப் போட்டிருக்கிறேன் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பரிந்து பேசியவர்களுக்குக் கட்டை வளர்வது வசதியாகப் போயிற்று. அது புகுந்த வீட்டுக்குப் போகத் துடிக்கிறது, அதனால்தான் வெட்ட வெட்ட வளர்கிறது, கடையக் கடைய உடைகிறது என்றார்கள். இதை நேரிலேயே வந்து சொன்ன ஒரு பெரியவரிடம் கடைசல்காரி உளியைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

"அது போறதுக்கு வளரல. உடைய உடைய இன்னொண்ணு கடையறதுக்கு வளருது."

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. அறுபத்திரண்டாவது உடைந்த அன்று அவள் சத்தம் போடவில்லை, எதையும் உதைக்கவில்லை. லேத்தை நிறுத்தி, பின்னறையைச் சாத்திவிட்டு, பதினோரு நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் தங்கை அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, விட்ருவமா?"

"நீ விடறியா?"

"இல்ல."

"அப்பறம் என்கிட்ட என்ன கேள்வி? போய் லேத்தத் துடை."

உள்ளே போய் உளியைக் கையில் எடுத்தபோதுதான் கடைசல்காரிக்கு அதன் பிடி கண்ணில் பட்டது. அவளே கடைந்த பிடி. பதினைந்து வருடமாக அடி வாங்கியும் ஒரு கீறல் இல்லை. அவ்வளவு நாளும் குழாய்க்குத் தகுந்தபடி கட்டையை இளைக்கவைத்துக் கொன்றிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. பித்தளைக் குழாய்களை அள்ளி ஜன்னல் வழியாக வீசினாள். மைக்குச்சி நுழைகிற அளவுக்கு ஒரு துளை மட்டும் போட்டு, கட்டையை அதன் கனத்திலேயே விட்டு, உளிப்பிடி கடைவதுபோலக் கடைந்தாள். அரைமணி நேரத்தில் அறுபத்துமூன்றாவது பேனா லேத்திலிருந்து இறங்கியது. அது உடையவில்லை. அதைப் பிடிக்க விரல்கள் போதாது, முழு முஷ்டி வேண்டும்.

நீதிமன்ற குமாஸ்தா அதைப் பார்த்து, இது பேனாவா என்று கேட்டார். எழுதும் என்றாள் தங்கை. முஷ்டியால் பிடித்துப் போட்ட கையெழுத்து மூன்று பிரதியிலும் ஒரே அழுத்தமாக இறங்கியது. அதற்குக் கீழே கிடந்த, வேறு யாரோ ஒருவருடைய வழக்கின் காகிதத்திலும் இறங்கியதாகச் சொல்கிறார்கள். வழக்கு தன் வேகத்தில் நடந்து, அடுத்த வருடம் தீர்ப்பானது. நல்லவர் எதையும் மறுக்கவில்லை. கட்டில் காலை மட்டும் திருப்பிக் கேட்டார். மூன்று கால் கட்டிலுக்கு ஒரு மூலையில் செங்கல் அடுக்கி அதன்மேல்தான் தூங்கிக்கொண்டிருந்தாராம். நியாயம்தான் என்று நீதிபதியும் உத்தரவு போட்டுவிட்டார். கடைசல்காரி நீதிமன்றத்து வராந்தாவிலேயே கட்டையை முழங்காலில் வைத்து நடுவில் அறுத்து, ஒரு பாதியை அவரிடம் நீட்டினாள்.

"உத்தரவுல முழுக் கால்னு போட்டிருக்கு," என்றார் நல்லவர்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. நாளைக்குக் காலைல அளந்து பாருங்க."

அவர் அளந்து பார்த்தார். அளவு சரியாக இருந்தது, கட்டிலில் பொருத்திக்கொண்டார். அவருடைய நல்ல குணத்துக்குக் கிடைத்த பலன் என்று அவர் தெரு பேசிக்கொண்டது.

பின்னறையில் நின்ற பாதியும் அதே காலையில் முழுசாகியிருந்தது. தங்கை இப்போது லேத்தில் நிற்கிறாள்; அக்காவைவிடக் கை நிதானம். ஒரு நாள் டயர்க்கடை அண்ணன் பிடி முறிந்த சுத்தியலோடு வந்து, உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார். கட்டையில் ஒரு முழம் அறுத்து அவருக்குப் பிடி கடைந்து கொடுத்தார்கள். அவரைப் பார்த்து மற்றவர்களும் குடைப்பிடி, கரண்டிக் காம்பு, ஊன்றுகோல் என்று கொண்டுவரத் தொடங்கினார்கள். மரம் எப்படித் தீராமல் இருக்கிறது என்று அவர்களில் யாரும் கேட்பதில்லை. என்றைக்குக் கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்கள். தங்கை லேத்தை நிறுத்தாமலே, செவ்வாய்க்கிழமை வரச் சொல்கிறாள்.