மூன்றாம் மாடிக்கு ஏறாத வெந்நீர்

பனி கொட்டும் லூயிஸ்டன் ஊரில் ஒரு மூன்றடுக்கு மர வீட்டின் உச்சியில் ஒதீல் குழந்தைகள் காப்பகம் நடத்தினாள். ஞாயிறு பூசை முடிந்து அவள் வந்து பார்த்தபோது அறை குளிர்ந்து ஐம்பத்தொன்பது டிகிரி ஃபாரன்ஹீட்தான் இருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு உரிம ஆய்வாளர் வருகிறார். அறுபத்தெட்டுக்குக் குறைந்தால் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று அவர் சென்ற முறையே எழுதிக் கொடுத்திருந்தார்.

கீழ் வீட்டில் இருந்த அவள் தம்பி ரோசேர் சும்மா இருந்தவன் இல்லை. நிலவறையில் கொதிகலனோடு இருந்த, வெந்நீரை வீடு முழுக்கச் சுற்றவிடும் பம்பை இந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை மாற்றிவிட்டான். ஒவ்வொரு முறையும் முன்னதைவிடப் பெரியது. கீழே இரண்டு மாடிகளும் கொதித்தன, குழாய்கள் விசிலடித்தன. மேலே மட்டும், வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்க வேண்டிய ரேடியேட்டர்கள் பிணம்போலச் சில்லிட்டுக் கிடந்தன.

"இன்னும் ஒரு சைஸ் பெருசா போட்டா ஏறிடும்க்கா. மூணு மாடி தூக்கணும்ல?" என்றான்.

ஒதீல் இன்னொரு பம்பு வாங்க விடவில்லை. கிஸ்லேனை அழைத்தாள்.

கிஸ்லேன் ரோசேரோடு பள்ளியில் படித்தவள். வெந்நீர்க் குழாய் வேலைக்கு அவளைப் போல ஆள் இல்லை என்று ஊரில் பேச்சு. அவள் வந்ததும் கருவி எதையும் எடுக்கவில்லை. வீடு முழுக்க நடந்து, ஒவ்வொரு ரேடியேட்டரின் அகலத்தையும் அளந்து, மிக நீளமான குழாய்ச் சுற்றைத் தப்படியால் எண்ணி, ஒரு அட்டையில் குறித்தாள். அரைமணிக்கு மேல் ஆகியிருக்கும்.

"நிமிஷத்துக்கு ஆறு கேலன் ஓடுனா போதும். குழாய் உரசல ஜெயிக்க, ஒன்பது அடி தூக்குற பலத்துக்கு மேல வேண்டாம். டேய், நீ போட்டிருக்கிற பம்பு பள்ளிக்கூடத்துக்கே பத்தும்."

"அப்ப மூணு மாடி உயரம்?"

"ரங்கராட்டினத்துல ஒரு பக்கம் ஏறுனா இன்னொரு பக்கம் இறங்குதுல்ல? குழாய்ல தண்ணி நெறஞ்சிருந்தா அதே கதைதான். இறங்குற தண்ணியே ஏறுற தண்ணிய இழுத்துக்கும். பம்பு உயரத்தோட சண்டை போட வேண்டியதில்ல, உரசலோட போட்டா போதும்."

"பின்ன ஏன் மேல வரல?" என்று ஒதீல் கேட்டாள்.

கிஸ்லேன் மேல்மாடி ரேடியேட்டரில் காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, அதன் வாயருகே ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தாள். கீழே போன ரோசேரிடம் பம்பை நிறுத்தச் சொன்னாள். முதலில் காற்று சீறியது, பிறகு தண்ணீர் பொசிந்து காகிதம் நனைந்தது. வேறு துண்டைப் பிடித்துக்கொண்டு, போடச் சொன்னாள். காகிதம் துளையோடு ஒட்டிக்கொண்டது. ரேடியேட்டர் அதை உறிஞ்சியது.

பம்பு ஓட ஓட வீடே காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது!

கிஸ்லேன் ஒதீலையும் கூட்டிக்கொண்டு நிலவறைக்கு இறங்கி, சூடேறி விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் சிவப்பு உருளையைத் தட்டிக் காட்டினாள். "இது குழாயோட சேர்ற இடத்துல பம்பால அழுத்தத்த மாத்த முடியாது. நீ பம்ப இத நோக்கித் தள்ற மாதிரி வெச்சிருக்க. இங்க ஏத்த முடியாததுனால பம்பு பின்னால, உச்சியில, அழுத்தத்த இறக்கிடுது. அங்க காத்த வெளிய விடுற மூடி வழியாவே காத்து உள்ள வந்து, வெந்நீர் வழிய அடைச்சிடுது. பெரிய பம்பு போடப் போட இன்னும் நல்லா உறிஞ்சியிருக்கு."

ரோசேர் தலையைச் சொறிந்தான். "பழசு இருந்த எடத்துலதானே வெச்சேன்…"

"எல்லாரும் அதத்தான் செய்றாங்க. உன்ன மட்டும் திட்டல, கவலப்படாத."

அவள் வண்டியிலிருந்து எடுத்து வந்த பம்பு ஒரு ரொட்டியளவு இருந்தது.

"இது என்ன, மீன்தொட்டிக்கா?"

"வாய மூடிட்டு விளக்கப் பிடி."

தண்ணீரை வடித்து, பழையதைக் கழற்றி, உருளையைத் தாண்டி வெந்நீர் மேலேறும் குழாயில் புதியதைப் பொருத்தினாள். தண்ணீர் ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறி மாடியைப் பார்த்தது. மோட்டாரின் தண்டு படுக்கைவாட்டில் இருக்கிறதா என்று மட்டம் வைத்து இரண்டு முறை பார்த்தாள். தண்டு சாய்ந்தால் அதைத் தாங்கும் பேரிங்கில் காற்று தங்கித் தேய்ந்துவிடுமாம். திருகு இணைப்பில் சுற்றும் சணலில் ஒரு தும்பைக்கூட வீணாக்காத அந்தக் கைகளையே ஒதீல் பார்த்துக்கொண்டிருந்தாள். தாமிரக் குழாயை அவள் வெட்டியபோது பிசிறு இல்லை. பற்றவைத்த இடத்தில் ஈயம் மோதிரம்போலச் சுற்றி நின்றது. நிலவறையில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவள் நினைத்ததாகவே தெரியவில்லை.

மறுபடி நிரப்பி, காற்றை வெளியேற்றி, சுவிட்சைப் போட்டாள். சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று ரோசேர் காதை வைத்துப் பார்த்தான்.

ஒதீல் மேலே ஓடினாள். முதல் ரேடியேட்டர் வெதுவெதுப்பு. மூன்றாவதும். சன்னலோரத்து மூலையில் இருந்த கடைசி ரேடியேட்டரில் கை வைத்தவள், சுட்டதும் வெடுக்கென்று எடுத்தாள். மாலை நான்கரைக்கு அறுபத்தைந்து, ஏறிக்கொண்டே இருந்தது.

படியேறி வந்த ரோசேர் வெப்பமானியைப் பார்த்தான். "மீன்தொட்டி பம்புதான்" என்றான், சற்று மரியாதையாக.

ஒதீல் தொலைபேசியை எடுத்து, முதல் குழந்தையின் தாயை அழைத்தாள்.

"நாளைக்கு வழக்கம் போல ஏழரைக்கே கொண்டு வந்து விட்டுடும்மா. கம்பளிச் சட்டை ஒண்ணு போதும்."