மேற்கோளுக்குள் ஆதிலட்சுமி

1

இந்தக் கதைக்கு வித்து ஒரு கருத்தரங்கு. மேடையில் ஒருவர், தகவல் தந்த பெண்ணின் பெயரை மாற்றிவிட்டதாகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் ஆட்டவில்லை. பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடுவாளா, என்ன?

தொடக்கம்: 'காலாப்பட்டின் கடற்காற்றில் அகஸ்டினாவின் தாள்கள் பறந்த—'

வேண்டாம். இது 2008. அவர் கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறார்.

2

அகஸ்டினா காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர். இணையக் குழுக்களில் இளசுகள் சாதி, மதம், கல்யாணம் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்பதே அவர் ஆராய்ச்சி. சனங்கள் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றமாட்டார் என்று பெயரெடுத்தவர். புதிய கட்டுரை திங்கட்கிழமை துறையின் இணையதளத்தில் ஏறும். பதவி உயர்வு அதை நம்பித்தான் இருக்கிறது.

ஒரு மரியாதைக்காக, கட்டுரையை முன்கூட்டியே ஆதிலட்சுமிக்கு அனுப்பினார். வீராம்பட்டினத்துப் பெண்; லூர்துபிரகாஷைக் காதலிப்பதைப் பற்றிக் குழுவில் எழுதியவள். கட்டுரைக்கு உயிரே அவள் எழுதிய ஒரு வரிதான்.

வெள்ளிக்கிழமை மதியம் அகஸ்டினாவின் அறைக்கே அவள் வந்துவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

"பேர மாத்திட்டீங்க மேடம். நான் எழுதுனத அப்படியே வச்சிட்டீங்களே. அந்த வரியப் போட்டுத் தேடுனா மொதல்ல என் மூஞ்சிதான் வருது."

குழுவில் எழுதியதை அவள் அழித்தாயிற்று. ஆனாலும் தேடினால் பழைய பக்கம் இன்னும் வருகிறதாம். அவள் அண்ணன் கண்ணில் பட்டால் தொலைந்ததாம். உங்க அண்ணன் இதையெல்லாமா தேடப்போகிறார் என்று அகஸ்டினா இழுத்தார்.

"யுனிவர்சிட்டி கேட்டுக்குப் பக்கத்துல பிரௌசிங் சென்டர் வச்சிருக்கறதே அவருதான். உங்க பசங்க பிரிண்ட் எடுக்க அங்கதான் போவாங்க. தேடிக் குடுக்கறதுதான் மேடம் அவரு பொழப்பு."

சித்தப்பா மகள் இப்படி ஒருவனோடு பழகியபோது, அந்தப் பையனின் காலை ஒடித்தவனும் இந்த அண்ணன்தான்.

[அண்ணனுக்கு ஒரு பெயர் வைத்தேன், அடித்துவிட்டேன். பெயர் வைத்தால் அவன் பக்கத்து நியாயத்தையும் கேட்கவேண்டி வரும். எனக்கு இப்போது அதற்குப் பொறுமை இல்லை.]

3

இங்கேதான் அகஸ்டினாமேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. நல்லவர்தான், மறுக்கவில்லை. ஆனால் 'எடுத்துவிடுகிறேன்' என்று அந்த நிமிஷமே சொல்லவில்லையே! வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாமா என்று முனகினார். வார்த்தையை மாற்றினால் அவர் கட்டிக்காத்த பெயர் போச்சு. வரியையே எடுத்தால் கட்டுரை வெறும் சக்கை.

"உங்களுக்கு அது ஒரு வரி மேடம். எனக்கு லூர்துவோட காலு."

4

முடிவு (அ): அகஸ்டினா அழித்துவிடுகிறார். இருவரும் டீ குடிக்க— சீ, எவ்வளவு சுலபம்! பதவி உயர்வு போவது எனக்கில்லையே.

முடிவு (ஆ): கட்டுரை வெளியாகிறது. அண்ணன் அந்த வரியை— இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆகவே இருவரையும் அந்த அறையிலேயே விட்டுவிட்டேன். திரையில் அந்த வரி நிற்கிறது, அகஸ்டினாவின் விரல் அழிக்கும் பொத்தானின்மேல் இருக்கிறது, ஆதிலட்சுமி உட்காரக்கூட மாட்டேன் என்கிறாள். என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.

ஒன்று மட்டும். அப்படி என்னதான் எழுதியிருப்பாள் என்று உங்களுக்கு உள்ளுக்குள் அரிக்கிறது, இல்லையா? திங்கட்கிழமை, பசங்களுக்குக் கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும்போது, எழுதியது யார் என்று அண்ணனுக்கும் இப்படித்தான் அரிக்கும்.